நாலு வாட் ரசிகர்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால் தூக்கிப் பார்க்கிற ஆசாமி யாராவது கண்ணில் பட்டால், அவர்தான். “டிரான்ஸ்ஃபார்மர் லேசா இருக்கே, பேஸ் எங்கேர்ந்து வரும்?” என்பார். நியாயமான கேள்விதான். வால்வ் ஆம்ப்ளிஃபயர் செட்டில் காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். இரும்பு குறைந்தால் அடிநாதமும் மெலிந்துவிடும். கடைக்காரர் அதை விட்டுவிட்டு, “ப்ளூடூத் இருக்கு சார், ரிமோட் இருக்கு சார்” என்று அடுக்குவார். ரிமோட் என்றதும் நம்மவர் பெட்டியைக் கீழே வைத்துவிடுவார்.

அவருக்கு வேண்டியது சகாய விலையில் சின்னதாய் ஒரு வால்வ் செட். அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ சில வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. சகாய விலை என்பது முதலில் பத்தாயிரமாக இருந்தது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. சகாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

300பி என்ற வால்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். “1930கள்ல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்காரன் இந்த வால்வ் ஜாதியை வெச்சுத்தான் சினிமா தியேட்டரையே அதிர வெச்சான். ஒத்தை வால்வுக்கு எட்டே வாட்! நம்ம ஹாலுக்குப் போதாதா?” போதும்தான். அந்தத் தியேட்டர்களின் திரைக்குப் பின்னால் ஆளுயர ஹார்ன் ஸ்பீக்கர்கள் இருந்தன என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுவார். இவர் வீட்டு அலமாரியில் இருப்பவை 85 டெசிபல் குட்டி ஸ்பீக்கர் பெட்டிகள். 95 டெசிபல் பெட்டியில் 4 வாட் எழுப்பும் சத்தத்தை இதில் எழுப்ப 40 வாட் கேட்கும். என்னைக் கேட்டால், முதலில் ஸ்பீக்கரின் டெசிபலைப் பார்த்துவிட்டுத்தான் ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகவேண்டும். என்னை அவர் கேட்கமாட்டார்.

கடைசியில் ஒருவழியாக வாங்கியது இஎல்84 வால்வ் போட்ட செட். பக்கத்துக்கு நாலைந்து வாட். அன்று வீட்டில் நடந்த உரையாடல்:

“ஏங்க, எத்தனை வாட்டு இது?”

“நாலு.”

“நம்ம ஜீரோ வாட் பல்பே பதினஞ்சு வாட் இழுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அதோடு விட்டாரே, அந்த அம்மாள் புண்ணியவதி. நாலு வாட் பாட்டுக்காக இந்தச் செட் பிளக்கிலிருந்து ஐம்பது வாட்டுக்கு மேல் இழுக்கிறது என்று தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும். கிளாஸ் ஏ பாருங்கள். பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரே இழுப்பு, மிச்சமெல்லாம் சூடு. மே மாதம் அந்த ஹாலில் அரை மணி உட்கார்ந்தால் சட்டை நனைந்துவிடும். ஃபேன் போடக்கூடாது, தம்புராவின் ரீங்காரம் ஃபேன் சத்தத்தில் அடிபட்டுப் போகுமாம். வியர்க்க விறுவிறுக்க, முகத்தில் பரம சுகத்தோடு உட்கார்ந்திருப்பார். தெருவில் ஒரு மீன்பாடி வண்டி போனால் அன்றைய கச்சேரி காலி.

கச்சேரி என்றா சொன்னேன்? எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டவரில்லை. மிருதங்கத்தின் முதல் தொப்பி விழுந்ததும் எழுந்துபோய் வால்வை பென்சிலால் தட்டிப் பார்ப்பார். ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று கேட்டால் முகம் வாடிவிடும். “வால்வ் மைக்ரோஃபோனிக் ஆயிடுச்சு. புதுசுல இதான் தொல்லை. அந்தக் காலத்துச் சரக்கு கிடைக்கணும்.”

அந்தக் காலத்து ரேடியோக்கள் பலவற்றில் இதே இஎல்84 இருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து உறவினர் வீட்டு விசேஷம் எதையும் அவர் தவறவிடுவதில்லை. கிரகப்பிரவேசத்தில் எல்லோரும் மொசைக்கைப் பார்க்க, இவர் பரணை அண்ணாந்து பார்ப்பார். போன மாதம் ஒன்றுவிட்ட பெரியப்பா காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போனவர், பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் கேட்டார்:

“பெரியப்பா ஆசையா வெச்சிருந்தாரே அந்த ரேடியோ... பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலையே, பெரியம்மா?”