இருபது வருஷ சர்வீஸ்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது ஆலோசனை. வண்டி சம்பந்தப்பட்ட ஆலோசனை என்றால் தெருவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். "இருபது வருஷமா புல்லட் ஓட்டறேன் தம்பி" என்று தொடங்காமல் அவருக்கு ஒரு வாக்கியமும் வராது. இந்த இருபது, கடந்த பத்து வருஷமாக இருபதாகவே இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே நின்றபடியே தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு "டேப்பெட் லூசு" என்று சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைப்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கே கியரைக் குறைக்க வேண்டும், எங்கே சாய வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். இப்பேர்ப்பட்ட அண்ணனுக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் ஓர் ஆசை வருகிறது: புல்லட்டுக்கு ஒரு சைடுகார். அண்ணிக்கு முட்டி வலி, பின்னால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். 1975-இல் வந்த 'ஷோலே'யில் தர்மேந்திராவும் அமிதாப்பும் பாடிக்கொண்டே போன வண்டி இன்னும் கண்ணுக்குள் ஓடுவது சொல்லாத காரணம். அந்தப் பாட்டிலேயே சைடுகார் தனியாகக் கழன்றுகொண்டு போவதை அண்ணன் சௌகரியமாக மறந்துவிடுகிறார். என் கட்சி இதுதான்: சைடுகார் வண்டியைப் பழகுவதற்கு ஃபேர்லேண்ட்ஸில் இவரைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடையாது, அதற்குக் காரணம் அந்த இருபது வருஷம்தான்.

சட்டம் என்னவோ அண்ணன் பக்கம்தான் நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் அதன் உபரிச் சக்கரத்தையும் சேர்த்தே மோட்டார் சைக்கிளுக்கு இலக்கணம் சொல்கிறது. தரையில் மூன்று சக்கரம் உருண்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது இரு சக்கர வாகனம். என்றைக்கோ ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸே போதும். அதே சட்டம் முதலில், சைடுகாரில் உட்காருகிறவருக்கு ஹெல்மெட் வேண்டாம் என்று விலக்கும் கொடுத்திருந்தது. 2019-இல் திருத்தம் வந்தபோது அந்தச் சலுகை போய்விட்டது. இடையில் யாரோ ஓர் அதிகாரி ஓர் அண்ணனுடன் சைடுகாரில் போய்விட்டு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சட்டத்துக்கு ஒன்றாகத் தெரிவது ரோட்டுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் போவதால் சைடுகாரும் இடப்பக்கமே மாட்டப்படுகிறது. தள்ளுகிற சக்கரம் வலப்பக்கம், சும்மா வருகிற பாரம் இடப்பக்கம். அதனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி இடது பக்கம் இழுக்கும். பிரேக்கை அழுத்தினால், புல்லட் நிற்கப் பார்க்கும், சைடுகார் இன்னும் போகப் பார்க்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். வலது வளைவில் பாரம் முழுக்கச் சைடுகார் சக்கரத்தின் மேல் இறங்குவதால் வண்டி ஓரளவு சொன்னபடி கேட்கும். இடது வளைவில் காலி சைடுகார் தரையை விட்டு எழும்பும். ஆக, எட்டின் ஒரு வட்டத்தில் ஒரு வண்டியும் மறு வட்டத்தில் வேறொரு வண்டியும் ஓட்டியாக வேண்டும். இதற்கெல்லாம் மேல், இந்த வண்டி சாயாது. அண்ணனின் வித்தை மொத்தமும் சாய்வதில்தான் இருக்கிறது.

"அனுபவம் வீணாகவா போகும்? கிளட்ச், கியர், டிராஃபிக் எல்லாம் தெரிஞ்ச மனுஷனாச்சே" என்று அண்ணனின் சிஷ்யர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விரலுக்கும் பாதத்துக்கும் தெரிந்தது உதவும், மறுக்கவில்லை. இடுப்புக்கும் தோளுக்கும் தெரிந்ததுதான் உபத்திரவம். வேகமாகப் போகிற மோட்டார் சைக்கிளை இடது பக்கம் திருப்ப, கைப்பிடியை ஒரு கணம் வலது பக்கம் தள்ள வேண்டும்; வண்டி இடது பக்கம் சாயும், பிறகு திரும்பும். எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், செய்கிறோம் என்பது தெரியாமலே. ஆகாய விமானத்துக்கு முன் சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்த வில்பர் ரைட், இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள்காரர்கள் பலரைக் கேட்டுப் பார்த்தார். முதல் தடவையிலேயே முழுசாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. இந்தத் தெரியாத வித்தைதான் சைடுகாரில் எதிரியாக மாறுகிறது. அங்கே கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் வண்டி நேர்மையாக வலது பக்கமே போகும், அதாவது எதிரே வருகிற டவுன் பஸ்ஸை நோக்கி. இதில் ஒரு குசும்பு என்னவென்றால், மெதுவாகப் போகும்போது இந்தத் தொல்லை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை காலி மைதானத்தில் முதல் பத்து நிமிஷம் அண்ணன் முகத்தில் "இவ்வளவுதானா!" என்று எழுதி ஒட்டியிருக்கும். வேகம் முப்பதைத் தாண்டும்போது அந்த எழுத்து அழியும்.

பழகியதை மறப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எஞ்சினியரே தன்னைச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறார். டெஸ்டின் சாண்ட்லின் என்பவர், கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி மாற்றிய ஒரு சைக்கிளை ஓட்டப் பழகி, 2015-இல் அதை வீடியோவாக வெளியிட்டார். அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. அவருடைய சின்னப் பையனுக்கு இரண்டே வாரம். பையன் மேதாவி என்பதல்ல. அழிப்பதற்கு அவனிடம் அதிகம் இல்லை. நம்மூரிலேயே சாட்சி உண்டு. ஒரு காலத்தில் லாம்பிரெட்டாவிலும் பஜாஜிலும் சைடுகார் மாட்டி, மனைவி, குழந்தை, கட்டைப்பையோடு கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் ரைடர் என்று பெயர் வாங்கியவர்கள் அல்ல. வண்டி எப்படி இழுத்ததோ அப்படிப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1983-இல் மாருதி 800 வந்த பிறகு அந்தக் குடும்பங்கள் மெல்ல மெல்லக் காருக்கு மாற, வித்தையும் கூடவே இறங்கிப் போயிற்று.

"மூணு சக்கரம், விழவே விழாது" என்பது இன்னொரு ஆட்சேபம். நின்றுகொண்டிருக்கும் வரை உண்மை. ஆனால் அண்ணனின் கால் அதை நம்புவதில்லை. சிக்னலில் வண்டி பாட்டுக்குத் தானே நிற்கும்போதும் கால் தரையைத் தேடி இறங்கும். இடது கால் இறங்கினால் சைடுகார் சட்டம் அதை மிதித்துவிடும் அபாயம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் சைடு ஸ்டாண்டைத் தேடிக் குதிகால் காற்றை உதைக்கும். ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தால் கண் அளந்து முடிப்பதற்குள் கை முறுக்கிவிடும். புல்லட் நுழைந்துவிடும். சைடுகார் நுழையாது.

அப்படியென்றால் இவருக்குச் சரியான வாத்தியார் யார்? ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரர்தான் என்பேன். கைப்பிடியைத் திருப்பிய பக்கம் போவது, சாயாமல் வளைவது, அகலத்தை முதுகாலேயே அளப்பது எல்லாம் அவருக்கு அன்றாடம். ஆட்டோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சைடுகார் ஒருபக்கப் பாரம், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று அண்ணன் கேட்டால் அதுவும் சரிதான். முக்கால் பாடத்துக்கு ஆட்டோக்காரர் போதும், மீதிக் கால் பாடத்தை மைதானம் சொல்லிக்கொடுக்கும். ஆனால் இருபது வருஷமாக எந்த ஆட்டோவைப் பார்த்தாலும் "எவன்டா உனக்கு லைசென்ஸ் குடுத்தான்?" என்று கேட்டு வந்தவர், அதே ஆளிடம் போய் "கொஞ்சம் சொல்லிக் குடுப்பா" என்று கேட்பதா? அதற்குப் பதிலாக அண்ணன் மெக்கானிக்கைப் பிடிப்பார். "ஃபிட்டிங் சரியில்லப்பா, இழுக்குது." இதில் அரைப் பங்கு உண்மை இருப்பதுதான் அவருக்கு வசதி. சைடுகார் சக்கரம் முன்பக்கம் சற்று உள்வாங்கியிருக்க வேண்டும், புல்லட் சற்று வெளியே சாய்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நேர் ரோட்டிலும் இழுக்கும். மெக்கானிக் அளந்து சரிசெய்து கொடுப்பார். அதற்குப் பிறகும் முறுக்கினால் இடது, பிடித்தால் வலது. அதைச் சரிசெய்ய ஸ்பேனர் கிடையாது.

இந்த நாடகத்தில் புத்திசாலி அண்ணிதான். "மொதல்ல ஒரு ஜவ்வரிசி மூட்டைய உக்கார வெச்சு ஏற்காடு போய்ட்டு வாங்க. அது முழுசா வந்து சேந்தா நான் வர்றேன்" என்பார். கேலியாகச் சொன்னாலும் கற்றுக்கொடுக்கிறவர்கள் சொல்வதும் அதேதான்: பழகும்போது சைடுகாரில் கனம் வேண்டும், மணல் மூட்டையாவது கட்ட வேண்டும், அப்போதுதான் இடது வளைவில் சக்கரம் சட்டென்று எழும்பாது. அண்ணன் இதைக் காதில் போட்டுக்கொள்ள ஒரு வாரம் ஆகும். பிறகு அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகத் தெருவில் சொல்லத் தொடங்குவார். அன்றிலிருந்து அவர் பாடம் ஏறுகிறது என்று அர்த்தம்.

ஆகவே ஃபேர்லேண்ட்ஸ்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். சைடுகாரில் மூட்டையோடு ஒரு புல்லட் சிக்னலில் நின்றால் அதற்கு இடப்பக்கம் போய் நிற்காதீர்கள். பச்சை விழுந்ததும் அது உங்கள் மேல்தான் வரும். அது பிரேக் பிடிக்கும்போது வலப்பக்கமாக முந்தாதீர்கள். பின்னால் ஒரு பஸ் நீளம் விட்டு வாருங்கள், ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள். அடித்தால் அண்ணன் திரும்பிப் பார்ப்பார். அவர் பார்க்கிற பக்கம் வண்டியும் போகும்.