சோழி போட்ட கணக்கு

கேள்வி: கம்ப்யூட்டர் வரலாற்றில் நம்ம புதுச்சேரிக்கு ஏதாவது இடம் உண்டா?
– ஒரு வாசகி, தேங்காய்த்திட்டு

பதில்: தாராளமாக உண்டு!

வானியல் அட்டவணைகளைப் பிழையின்றிப் போட, 1820களில் லண்டனில் சார்லஸ் பாபேஜ் பல்சக்கர இயந்திரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அரசு பணம் கொடுத்தும் அது கடைசிவரை முழுமை பெறவில்லை. அதே காலத்தில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, 1825-இன் சந்திர கிரகணத்தைக் கணித்துவிட்டார். தொடக்க நேரத்தில் பிசகு நான்கே நிமிடம். முடிவில் மட்டும் 52 நிமிடம்.

இதைப் பதிவு செய்தவர், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன். பஞ்சாங்கக்காரருக்கு வானியல் கோட்பாடு தெரியாதாம்! அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக மனப்பாடம். படிகளை வரிசை தப்பாமல் செய்தார், விடை வந்தது. கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தானே? நிரலுக்குக் கிரகணம் எதற்குப் புரிய வேண்டும்?

அதற்கும் முன்பே, வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண 1769-இல் இங்கே காத்திருந்து, மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல் தமிழர் கணக்குமுறையைக் கற்றார். அதைச் சோதித்தபோது, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் உண்மையான கால அளவைவிடத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பா கொண்டாடிய ஜெர்மன் வானியலாளர் டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதல்.