அட்வான்ஸ் கொடுத்தாச்சா?

நட்பு கொள்வது சிரித்துப் பேச அல்ல, வழி தவறும்போது இடித்துச் சொல்ல என்கிறது 784-ஆவது குறள். நம் நண்பர்களுக்கு வழி தவறும்வரை பொறுமை இல்லை. சிறுநீரகக் கல் என்று வாயைத் திறந்தால் போதும், ஒருவர் வாழைத்தண்டுச் சாறு என்பார். இன்னொருவர் பீர் என்பார் (இவர் துணைக்கும் வருவார்). ஸ்கேன் எடுத்தாயா என்று மட்டும் எவரும் கேட்கமாட்டார்.

யோசனை கேட்பவரும் லேசுப்பட்டவரல்ல. பழைய பைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துதான், "வாங்கலாமா மச்சான்?" என்பார். வேண்டாம் என்றவனோடு பேச்சு நின்றுவிடும். வாங்கு என்றவனுக்கோ, வண்டி நடுரோட்டில் நின்றதும் தள்ளிவிட அழைப்பு வரும்; போகிற வழியெல்லாம் திட்டும் அவனுக்குத்தான். ஆகவே, யாராவது யோசனை கேட்டால், முதலில் அட்வான்ஸ் விஷயத்தை விசாரியுங்கள். கொடுத்தாச்சு என்றால், கலரைப் புகழ்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.