இரவல் டிஸ்க்கில் ஸ்வாப்

கே: டிஸ்க்கே இல்லாத யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷனுக்கு ஸ்வாப் எதற்கு?

ப: டிஸ்க்தான் இல்லை, ஆசை இருக்கிறதே! 1980-களின் சன் 3/50-இல் மெமரி வெறும் 4 எம்பி. கர்னல், விண்டோ, எடிட்டர், கம்பைலர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காததெல்லாம் ஈதர்நெட் வழியே சர்வரின் டிஸ்க்குக்குப் போனது. அந்த இடம்தான் ஸ்வாப்.

கே: சர்வரில் எங்கே?

ப: ஆரம்பத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் சர்வர் டிஸ்க்கில் ஒரு துண்டு ஒதுக்கினார்கள். 1988-இல் சன்ஓஎஸ் 4.0 வந்தபின் ஸ்வாப், என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்) வழியாக அணுகும் ஒரு ஃபைல் ஆகிவிட்டது. '/எக்ஸ்போர்ட்/ஸ்வாப்' டைரக்டரியில், அந்தந்த மெஷினின் பெயரிலேயே இருக்கும்.

கே: அதைப் பெரிதாக்குவது எப்படி?

ப: மெஷினை முறைப்படி ஹால்ட் செய்யுங்கள். சர்வரில் பழைய ஃபைலை அழித்து, அதே பெயரில் 'எம்கேஃபைல் 24எம்' என்று புதிதாக உருவாக்குங்கள். பிறகு பூட். ஹால்ட் செய்ய மறந்தால் கவலை வேண்டாம். அந்த மெஷின்காரர் தானே தேடி வந்து ஞாபகப்படுத்துவார்.

கே: எம்கேஃபைலுக்கு '-என்' கொடுத்தால் நொடியில் முடிகிறதே, நல்லதுதானே?

ப: ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டு பந்திக்கு அரிசி வாங்காத கல்யாணம் அது. ஃபைலின் அளவு மட்டும் பதிவாகும். டிஸ்க்கில் இடம் ஒதுக்கப்படாது. சர்வர் டிஸ்க் நிரம்பிய நாளில் மெமரிப் பக்கத்தை எழுத இடமிருக்காது, புரோகிராம் நடுவழியில் சாகும். '-என்' இல்லாவிட்டால் ஃபைல் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதி இடத்தைப் பிடித்துவிடும். நேரமாகும், காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கே: நான் பெரிய புரோகிராம் ஓட்டினால் பக்கத்து அறைக்காரர் முறைக்கிறாரே?

ப: முறைக்காமல்? எல்லோருக்கும் சேர்த்து ஒரே 10 மெகாபிட் ஈதர்நெட். போதாக்குறைக்கு, என்எஃப்எஸ் பதிப்பு 2-இல் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் சர்வர் 'ஆச்சு' என்று சொல்லலாம். உங்கள் மெமரிப் பற்றாக்குறைக்கு அவருடைய ஃபைலும் வரிசையில் நிற்கிறது.

கே: புரோகிராமின் கோடும் ஸ்வாப்புக்குப் போகுமா?

ப: போகாது. கோடு மாறுவதில்லை, தூக்கிப் போட்டுவிட்டு, வேண்டும்போது புரோகிராம்கள் இருக்கும் '/யுஎஸ்ஆர்'-இலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும். மாறுகிற டேட்டாவும் ஸ்டேக்கும்தான் ஸ்வாப்புக்கு. ரொம்ப சந்தோஷப்படாதீர்கள், '/யுஎஸ்ஆர்' இருப்பதும் சர்வரில்தான்.

கே: ஸ்வாப்பைக் கூட்டுவதா, மெமரியைக் கூட்டுவதா?

ப: ஸ்வாப்பைக் கூட்டினால் புரோகிராம் பிழைக்கும். மெமரியைக் கூட்டினால் நீங்களும் பிழைப்பீர்கள், பக்கத்து அறைக்காரரும் பிழைப்பார்.

கே: சர்வர் படுத்துவிட்டால்?

ப: 'சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்' என்று திரையில் வரும். சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவசரப்பட்டு ரீபூட் மட்டும் செய்யாதீர்கள். பூட் ஆவதற்கும் அதே சர்வர்தான் வேண்டும்.