இரைச்சலுக்கு யார் பொறுப்பு?

கே: பாட்டுப் பதிய யூ.எஸ்.பி. ஓடியோ இன்ரர்பேஸ் ஒன்று வாங்கப்போறன். கையில இருக்கிற காசுக்கு எதின்ர பிரீஆம்ப் திறம்?
– ஊர்காவற்றுறைப் பெடியன்

தம்பி, உம்மிடம் என்ன ஒலிவாங்கி இருக்கிறது என்று சொல்லவேயில்லை. மாப்பிள்ளை யாரென்று சொல்லாமல் பொம்பிளை பார்க்கச் சொல்கிறீர்.

ஒலிவாங்கி தருவது மில்லிவோல்ற் கணக்கில் ஒரு முணுமுணுப்பு. பிரீஆம்ப் அதை நூறு, ஆயிரம் மடங்கு பெருக்கும். பெருக்கும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் 'உஸ்' சேர்த்துவிடும். அந்த உஸ்ஸின் அளவுதான் விபரத்தாளில் ஈ.ஐ.என். என்று கிடக்கும் மைனஸ் எண். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் அமைதி கூட. 150 ஓம் மூலத்துக்கு அறை வெப்பத்தில் இயற்கை கட்டிய வேலி ஏறக்குறைய மைனஸ் 131. மோட்டு எம்2 மைனஸ் 129, மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 மைனஸ் 128 என்று போடுகிறார்கள். எல்லாரும் வேலியோரம் வந்து நிற்கினம், இனிச் சண்டை எதற்கு? பக்கத்தில் 'ஏ-வெயிற்றட்' என்று பொடி எழுத்து இருந்தால் மட்டும், எண் கொஞ்சம் பவுடர் பூசியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்.

நீர் பார்க்க வேண்டியது கெயின், அதாவது பிரீஆம்ப் பெருக்கும் அளவு. ஷூர் எஸ்.எம்.7பி ஒலிவாங்கிக்குக் குறைந்தது 60 டெசிபல் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ 57 தரும். அதன் அண்ணன் 2ஐ2 69 தரும். கொண்டென்சர் ஒலிவாங்கி என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை, 48 வோல்ற் பான்ரம் பொத்தானை அமத்தினால் சரி.

கே: பெஹ்ரிங்கர் பெட்டியில் 'மைடாஸ்' என்று போட்டிருக்கே, உண்மையா?
– வேலணை வாசகர்

பெயர் பொய்யில்லை. 2009இல் பெஹ்ரிங்கரின் தாய் நிறுவனம் மைடாஸை வாங்கிவிட்டது. அதற்காக மைடாஸின் பெரிய மேடை மிக்சரில் உள்ள பிரீஆம்ப் சின்னப் பெட்டிக்குள் அப்படியே குந்தியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். குடும்பப் பேரைப் பார்த்துச் சம்பந்தம் பேசிய ஊருக்கு நான் இதைச் சொல்லித் தரவேண்டுமா? யூ.எம்.சி.22 பதிவது 16 பிற், 202எச்.டி. 24 பிற். என் காசென்றால் பின்னதுக்குத்தான்.

கே: ஆச்சி சொல்லும் பழங்கதைகளைப் பதிகிறேன். பின்னால் ஒரே 'உஸ்'. விலை கூடின பெட்டி வாங்கட்டா?
– நெடுந்தீவு வாசகி

காசை மடியில் கட்டுங்கள். ஒலிவாங்கி ஆச்சியிடமிருந்து இரண்டடி தள்ளி மேசையில் இருக்கும், சரியா? தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 60 சென்ரிமீற்றரை 30 ஆக்குங்கள், பிறகு 15 ஆக்குங்கள்: 12 டெசிபல் சும்மா கிடைத்தது. ஈ.ஐ.என். மைனஸ் 125 உள்ள பெட்டியை விற்றுவிட்டு மைனஸ் 129 வாங்கினால் கிடைப்பது 4. கதிரையைத் தள்ளுவதற்கு யாரும் பில் போடுவதில்லை.

ஒலிவாங்கியை வாய்க்கு நேரே நீட்டாமல் கன்னத்துப் பக்கம் சரித்து வையுங்கள், 'ப' வருமிடமெல்லாம் வெடிக்காது. ஆச்சிக்குப் பின்னால் கொடியில் இரண்டு சேலையும் ஒரு போர்வையும் தொங்கவிடுங்கள். வெறும் சுவர் அவர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லும்.

கே: எனக்கு உஸ் இல்லை, 'ங்ங்ங்'.
– அதே ஊர், பக்கத்து வளவு

அது பிரீஆம்ப் இல்லை, கரண்ட். எங்கள் மின்சாரம் விநாடிக்கு 50 தரம் ஆடுகிறது. அந்த ஆட்டம் வயர் வழியே உள்ளே வந்து பாடுகிறது. லப்ரொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஒருமுறை பதிந்து பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர்.

கே: நயினாதீவுத் திருவிழா மேளத்தைப் பதிய எந்தப் பிரீஆம்ப்?
– புங்குடுதீவு வாசகர்

தவிலுக்கு உஸ் கேட்குமா! அங்கே சிக்கல் தலைகீழ்: கெயினைக் கூட்டி வைத்தால் உச்சத்தில் அலை வெட்டுப்பட்டு, தவில் தகரமாகிவிடும். தனி வாசிக்கும் இடத்தை முதலில் கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போது பச்சை விளக்கிலேயே நிற்கும்படி கெயினை வையுங்கள். "மெல்லமா வாசிச்சுக் காட்டுங்கோ" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், வித்துவான் கோவிப்பார்.

கே: குறிகட்டுவானிலிருந்து படகில் கொண்டுபோனால் பெட்டி பழுதாகுமா?
– அதே வாசகர்

இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வையுங்கள். படகுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் பெட்டிக்கும் ஆகாது.

கே: இவ்வளவு சொல்லுறீர், உம்மட பதிவு எப்பிடி?
– பெயர் வேண்டாம்

போன சோளகத்தில் பெரியம்மாவின் தாலாட்டைப் பதிந்தேன். திறமான பெட்டி, திறமான ஒலிவாங்கி, யன்னல் மட்டும் திறந்திருந்தது. வீட்டில் போட்டுக் கேட்டால் பனையோலை 'சரசர'வென்று முன்னே பாடுகிறது, பெரியம்மா பின்னணி. அவவிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னா: "ஓலை நல்லாத்தான் பாடியிருக்கு. என்ரதுதான் சுருதி போட்டுது."