கைவிளக்கு லட்சண நிர்ணயம்

பாயிரம்

எந்தச் சாஸ்திரத்தைத் தொடங்குகிறவரும் அதன் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி ஆகிய நான்கையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டுமென்பது பெரியோர் வகுத்த மரியாதையாதலால், அதை மீற நமக்குத் துணிவில்லை. விஷயமாவது, வேட்டைக்கும் வனத்தில் கூடாரமடித்துத் தங்குவதற்கும் ஏற்ற பிரகாசமான கைவிளக்கு. உலகத்தார் டார்ச் லைட் என்றும், கிராமத்தார் அதற்குள் போடும் பேட்டரியை எண்ணி ரெண்டு கட்டை, மூணு கட்டை என்றும் வழங்குவது. பிரயோஜனமாவது, இருட்டில் நிற்பது இன்னதென்று அறிதல். சம்பந்தத்தை வாசகரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடுகிறோம். அதிகாரி யார் என்பதில் மட்டும் பெரும் விவாதம் இருப்பதால், அதற்குத் தனிப் பிரகரணம் ஒதுக்கியிருக்கிறோம்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒசூரைவிடப் பொருத்தமான க்ஷேத்திரம் வேறில்லை. ஒரு புறம், ஜூஜூவாடி எல்லை தொட்டு சிப்காட் ஆலைகளின் விளக்குகள் இரவை இரவாக இருக்கவொட்டாமல் மூன்று ஷிப்டுகளாக எரிந்துகொண்டிருக்க, மறுபுறம், பேருந்து ஏறி இறங்கும் தூரத்தில், தளி, ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் தன் விரலே தனக்குத் தெரியாத இருட்டு கவிந்திருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து புறப்பட்டு, மாநில எல்லை என்னும் மானிடக் கற்பனையைச் சற்றும் பொருட்படுத்தாமல், ஜவளகிரி வழியாகச் சானமாவு வரையில் யாத்திரை வரும் யானைக் கூட்டங்கள் இவ்விரண்டு உலகங்களையும் இணைக்கின்றன.

அதிகாரி நிர்ணயம்

முதலில் வேட்டைக்காரன். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்னும் வேட்டைக்காரர், இதே ஜவளகிரியில் ஆளடித்த பெண்புலியைப் பற்றித் தமது 1954ஆம் ஆண்டுப் புத்தகத்தில் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். துப்பாக்கிக் குழலோடு டார்ச்சைப் பிணைத்துக்கொண்டு இரவெல்லாம் காத்திருக்கும் வித்தையில் அவர் தேர்ந்தவர். அந்தக் காலத்தில் அது வீரம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வேட்டை உரிமம் என்ற பின்வாசலும் அடைபட்டு, 2014இல் இப்பகுதிக் காடுகளில் கணிசமான பாகம் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும் ஆகிவிட்டபடியால், இன்று அதே காரியம் சிறை. ஆகவே வேட்டைக்குச் சிறந்த கைவிளக்கு எது என்னும் வினாவுக்கு, வனத்துறை ஊழியர் கையில் இருப்பதே என்று ஒரே வரியில் விடையிறுத்து, வேட்டைக்காரனை இந்த நூலிலிருந்து விலக்குகிறோம்.

அடுத்து, உல்லாசமாகக் கூடாரமடிப்பவன். வாரம் முழுவதும் ஆலையில் உழைத்துவிட்டு, சனிக்கிழமை மாலை ராயக்கோட்டை மலையையோ பெட்டமுகிலாளத்தையோ நோக்கிப் புறப்படும் இவ்விளைஞன் மூட்டையில் கூடாரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, தேடொளி விளக்கு இருக்கிறது. காப்புக் காட்டில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டு மட்டும் இருப்பதில்லை. சீட்டு வாங்கி முறையாகத் தங்குகிறவனுக்கோ, சோற்றுப் பானையையும் செருப்பையும் கண்டுபிடிக்கும் அளவு ஒளியே போதுமானது. இவனை அரை அதிகாரி என்று கொள்ளலாம்.

பூரண அதிகாரி ஒருவரே உளர்: கார்த்திகை, மார்கழிக் குளிரில் ராகிக் கொல்லையின் நடுவே பரண்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கும் விவசாயி. அவர் வேட்டையாடுவதில்லை, ஆனால் வேட்டைக்காரனுக்கு வேண்டிய கண் அவருக்கும் வேண்டும். அவர் உல்லாசத்துக்காகத் தங்குவதில்லை. ஆனால் திறந்த வானத்தின் கீழ் தங்கும் இரவுகளில் அவரை மிஞ்சிய முகாம்வாசி எவருமில்லை.

பூர்வபட்சம்

'எது அதிகமாகப் பிரகாசிக்கிறதோ அதுவே உத்தமம்' என்பது எதிர்க்கட்சியாரின் வாதம். இந்தக் கட்சிக்கு ஒசூரில் இருக்கும் செல்வாக்குதான் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. கைக்கடிகாரத்தின் சக்கரப் பல்லையும் மோட்டார் சைக்கிளின் பிஸ்டனையும் உற்பத்தி செய்யும் இவ்வூரில், நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் உருப்படியை இரக்கமின்றித் தள்ளிவிடும் தரப் பரிசோதகர், ஷிப்டு முடிந்து கடைவீதிக்கு வந்தவுடன், பெயர் தெரியாத ஓர் அட்டைப்பெட்டியின்மேல் 'ஒரு லட்சம் லூமென், இரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம்' என்று அச்சிட்டிருப்பதை வேதவாக்கியமாக ஏற்றுக்கொண்டு, மைக்ரோமீட்டரைச் சட்டைப்பையிலேயே உறங்கவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அவர் செய்யாமல் விட்ட பரிசோதனையை நாம் செய்வோம்.

கண்டனம்

முதலாவது, தூரம். கைவிளக்குகளை அளப்பதற்கு 2009இல் அமெரிக்காவில் ஏற்பட்ட நியமத்தின்படி, ஓர் ஒளிக்கற்றை எட்டும் தூரம் என்பது, அதன் வெளிச்சம் கால் லக்ஸாக, அதாவது ஏறக்குறையப் பௌர்ணமி நிலவின் அளவாக, மெலிந்துபோகும் இடம். பத்தாயிரம் கேண்டலா தீவிரமுள்ள கற்றை இருநூறு மீட்டர் எட்டும். தூரத்தை இரட்டிப்பாக்கத் தீவிரத்தை நான்கு மடங்காக்க வேண்டுமாதலால், நானூறு மீட்டருக்கு நாற்பதாயிரமும், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை லட்சமும் ஆகும். அவ்வளவு பாடுபட்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நாம் சம்பாதிப்பது ஒரு சிறு வட்ட நிலவொளி. பௌர்ணமியன்று இது இலவசமாகவே கிடைப்பதால், இந்த விளக்கை வாங்குகிறவர் மாதத்தில் ஓர் இரவுக்குரிய தொகையைத் தள்ளுபடி கேட்கலாம்.

இரண்டாவது, காலம். இப்போதைய விளக்குகளில் பெரும்பாலும் பதினெட்டு மில்லிமீட்டர் விட்டமும் அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளமுமுள்ள லித்தியம் மின்கலமே இருக்கிறது. அதன்மேல் 9,900 மில்லி-ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும், அந்தப் பருமனில் நாலாயிரத்தை எட்டுவதே அபூர்வம். மூவாயிரம் என்று கொண்டால், 3.6 வோல்ட்டால் பெருக்கக் கிடைப்பது பதினொரு வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரு வாட்டுக்கு நூறு லூமென் என்ற நியாயமான கணக்கில், ஆயிரம் லூமென்னில் எரித்தால் விளக்கு ஒரு மணி நேரத்தில் சமாதியடையும். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமானால், அது எண்பது, தொண்ணூறு லூமென்னோடு திருப்தியடைந்தாக வேண்டும். மேற்படி நியமமோ ஒளி பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரையில் விளக்கு 'எரிவதாகவே' கணக்கிடுகிறது. தொண்ணூறு சதவிகிதச் சொத்தை இழந்தவனையும் தனவந்தர் பட்டியலில் வைத்திருக்கும் தாராள மனம் அது.

மூன்றாவது, காட்சி. மான், சிறுத்தை, நாய், எருமை முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருப்பதால், டார்ச் பட்டவுடன் அவற்றின் கண்கள் தணலாகச் சுடர்கின்றன. பன்றிக்கோ இந்தப் படலம் கிடையாது. ஆகவே, பக்கத்துக் கொல்லையில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் நிரபராதியான எருமை உடனே அகப்பட்டுக்கொள்ள, நிலக்கடலையை வேரோடு தோண்டிக்கொண்டிருக்கும் குற்றவாளி கண் சுடராமல் இருட்டோடு இருட்டாக இருந்துவிடுகிறது. லூமென்னை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பன்றிக்கு அந்தப் படலம் முளைக்கப் போவதில்லை.

நான்காவது, காண்பவன். மனிதக் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரம் வரை பிடிக்கிறது. அந்தச் செல்வத்தை ஒரு நொடி வெண்சுடர் கொள்ளையடித்துவிடுகிறது. மிகப் பிரகாசமான விளக்கை அடித்து அணைத்தவன், அணைத்த கணத்தில், விளக்கே இல்லாதவனைவிடக் குருடன்.

ஓர் ஆட்சேபமும் சமாதானமும்

'1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு இந்தக் கருவி முன்னேறித்தானே வந்திருக்கிறது? வெண்மையான எல்.இ.டி.க்கு வழிவகுத்த நீல டயோடைக் கண்டவர்களுக்கு 2014இல் நோபல் பரிசே கொடுத்தார்களே?' என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அந்தப் பரிசு, கொஞ்ச மின்சாரத்தில் நிறைய வெளிச்சம் தந்து சிக்கனத்துக்கு வழிகாட்டியதற்காக; மிச்சப்பட்டதையெல்லாம் ஒரே நிமிஷத்தில் வாரியிறைப்பதற்காக அல்ல. பழைய எவரெடி மூணு கட்டை டார்ச் மங்கலாகவே எரிந்தாலும், அதன் உலோகக் குழல் ஆபத்துக் காலத்தில் தண்டாயுதமாகவும் உபகாரம் செய்தது. புதியது அதற்கும் லாயக்கில்லை.

சித்தாந்தம்

தளிப் பக்கம் பரண்காவல் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்த ஆராய்ச்சியின் சாராம்சத்தைச் சமர்ப்பித்து, யானையை விரட்ட எத்தனை லூமென் வேண்டுமென்று கேட்டோம். "ஆனையை ஓட்டறதுக்கு லைட்டு இல்லீங்க சார். அது எங்க நிக்குதுன்னு பாத்து நாம ஓடறதுக்குங்க" என்றார். நாம் நான்கு கண்டனங்களில் செய்ததை அவர் ஒரு சூத்திரத்தில் முடித்துவிட்டார். கைவிளக்கு ஆயுதமன்று, அறிவு. அறிவுக்கு வேண்டியது ஆரவாரமல்ல, விடியும் வரை நிலைத்திருத்தல்.

ஆகவே நமது தீர்ப்பு வருமாறு: ஒளியைக் குறைத்து வைத்துக்கொள்ளும் வசதி இருப்பதும், குறைந்த ஒளியில் இரவு முழுவதும் நிற்பதும், தேவைப்பட்டபோது ஒரே அழுத்தலில் இருநூறு மீட்டர் எட்டுவதும், மழையில் நனைந்தாலும் சாகாததும், குளிரில் விறைத்த விரலுக்கும் அகப்படும் பொத்தானை உடையதும், மாற்றிப் போட மின்கலம் உள்ளூரிலேயே கிடைப்பதுமான விளக்கே உத்தமம். பிரகாசத்தை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது மத்திமம். யானையின் முகத்துக்கு நேரே அடித்துப் பார்க்கத் தூண்டுவது அதமம். வாசகர் கடைக்குப் போனால், அதிகபட்சம் எத்தனை லூமென் என்று கேட்க வேண்டாம். குறைந்தபட்சம் எத்தனை, அதில் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்கவும். விடை சொல்லத் தெரியாத கடையில் மெழுகுவத்தி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பவும்.