அனைவரின் கவனத்திற்கும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனியின் படியேறுங்கள், இவர் இருப்பார். கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுவார். கூரையில் பதித்த வட்ட ஸ்பீக்கர் கரகரக்கும். ஒரு கனைப்பு. 'ஃபூ, ஃபூ' என்று இரண்டு ஊதல். பிறகு, "அனைவரின் கவனத்திற்கும். ஸ்டோர்ஸ் தம்பி எங்கிருந்தாலும் உடனடியாக அட்மின் அறைக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

ஸ்டோர்ஸ் தம்பி அட்மின் சாரின் எதிர் நாற்காலியில்தான், பில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டால் சாருக்கு எதிரில் இருப்பவர் தெரிவதில்லை.

நேரில் அவனை "டேய், இங்க வாடா" என்பவர்தான். ஸ்பீக்கரில் மட்டும் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்'. தம்பிக்கு அந்த ஆபீசில் 'ர்' விகுதி கிடைக்கும் ஒரே இடம் கூரைதான். அதற்காகவே சில நாள் வேண்டுமென்றே காணாமல் போகிறான் என்று பேச்சு. நியாயமான ஆசை.

பேஜிங் என்பது ஷெட்டில் லேத் மெஷின் இரைச்சலுக்கு நடுவே நிற்பவனை, மேசையும் போனும் இல்லாதவனை, கூப்பிடுவதற்காக வைத்த வசதி. மேனேஜர் அதை அவசரத்துக்கென்றுதான் போட்டார். எது அவசரம் என்று அவர் சொல்லாமல் விட்டதில்தான் சார் நுழைந்தார். டீ வந்துவிட்டது, அவசரம். கேட்டை மறித்து நிற்கும் டி.என். 13 சாம்பல் நிற ஆக்டிவாவை எடுக்க வேண்டும், அவசரம். எட்டாம் அடியில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் ஸ்டேப்ளர் பின் கேட்க வேண்டும், அதுவும் அவசரம். எழுந்து போனால் அரை நிமிஷம். ஆனால் எழ வேண்டுமே!

இவரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். ரீடயல் பட்டனில் விரலை வைத்துவிட்டால் இவருடைய விடாமுயற்சிக்கு ஈடு கிடையாது. லைன் என்கேஜ்டா? ரீடயல். மறுபடியும் என்கேஜ்டா? ரீடயல். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் வடையைப் பிட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் முயல்வார். யாராவது ஃபைலோடு வந்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார்: "லைன்ல இருக்கேன்ல?" லைன் கிடைக்காத லைனில் இருப்பது இவருக்கு முழுநேர வேலை.

சுழற்றும் போன் காலத்தில் இது நடந்திருக்காது. அதில் 0-வைச் சுழற்றினால் பத்துத் துடிப்பு போக வேண்டும், தட்டு திரும்பி வருவதற்குள் பொறுமை போய்விடும். நான்கு முறை சுழற்றியவன் ஐந்தாம் முறை பஸ் பிடித்து நேரிலேயே போய்விட்டான். அதற்கும் முன்னால் "லைன் போட்டுக் குடும்மா" என்றால் போட்டுக் கொடுக்க ஆபரேட்டர் இருந்தார். அப்படி ஓர் ஆபரேட்டர் தனக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டிக் கடைக்காரனுக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்பவர் தானியங்கி எக்ஸ்சேஞ்சையே கண்டுபிடித்து 1891-இல் காப்புரிமை வாங்கினார் என்பார்கள். ஆள் சவ அடக்கத் தொழில் செய்தவர். ஒரு மனிதரின் சந்தேகத்தால் உலகமே தானாக டயல் செய்யக் கற்றது. அது நம் சாரின் வடை தின்னும் கை வரை வந்து நிற்கிறது.

ரீடயலுக்கு ஒரு குணம் உண்டு. சாதாரண போனில் அதற்கு ஞாபகம் ஒன்றே ஒன்று: கடைசியாக அழுத்திய எண். அது வெளி நம்பரா, இன்டர்காமா, பேஜிங்கா என்ற பேதம் அதற்குத் தெரியாது. இந்த ஆபீசில் 0 அழுத்தினால் வெளி லைன், 33 அழுத்தினால் கூரை ஸ்பீக்கர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டாக்டரிடம் டோக்கன் வாங்க சார் ஒன்பது மணியிலிருந்து கிளினிக் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார். என்கேஜ்டு. ரீடயல். என்கேஜ்டு. நடுவில் டீ வந்தது. விடுவாரா? லைனைத் துண்டித்து, 33 அழுத்தி, "அனைவரின் கவனத்திற்கும், தேநீர் வந்துள்ளது" என்று அறிவித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ரீடயலைத் தட்டினார். மணியே அடிக்கவில்லை, உடனே ஒரு 'டிங்'. எடுத்துவிட்டார்கள் என்று சாருக்குச் சந்தோஷம்.

"ஹலோ, கிளினிக்குங்களா? ஒரு டோக்கன் போடுங்க. ஆமாங்க, அதே மூலம்தாங்க. போன வாரம் குடுத்த களிம்பு தடவினா எரியுதுங்க. உட்காரவே முடியல."

ஷெட்டில் மெஷினை நிறுத்தினார்கள். அக்கவுண்ட்ஸ் மேடம் டீ கப்பைக் கீழே வைத்தார். பதில் வராததால் சார் குரலை உயர்த்தி, எரிச்சல் எந்த இடத்தில் என்பதை இன்னும் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினார். ஸ்டோர்ஸ் தம்பி எதிரில் உட்கார்ந்து கூரையைச் சுட்டிக்காட்டினான். சார் அவனுக்கு உள்ளங்கையைக் காட்டினார்.

பேசி முடித்து ரிசீவரை வைத்ததும் இன்டர்காம் அடித்தது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிப் பெரியவர்.

"சார், அந்த டாக்டர் செவ்வாக்கெழமை பாக்க மாட்டாருங்க."

சார் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு, நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்: "அப்ப புதன்கிழமை எத்தனை மணிக்கு வருவாரு?"